சரி, வேண்டாம் என்று இரண்டு பொத்தான்கள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "ஒரு இடத்தில் இருக்கும் கோப்பை, யாரும் கை வைக்காமல் இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்" என்பேன். இதற்காகவா நியூசிலாந்து வரை போனாய் என்ற கேள்வி, கேட்டவர் முகத்தில் அப்படியே தெரியும். எங்கள் அலுவலகத்தில் எழுதுகிறவர்களும் படம் வரைகிறவர்களும் தங்கள் கோப்புகளை இணையத்தில் இருக்கும் கிளவுட் ஃபோல்டரில் போடுவார்கள். நிரல் எழுதுகிறவர்கள் ரெப்போ என்கிற களஞ்சியத்தில் வைப்பார்கள். ரெப்போவுக்கு மறதி கிடையாது. யார் எதை மாற்றினார், எதை அழித்தார் என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டிருக்கும். ஃபோல்டரில் விழுவதை எடுத்து ரெப்போவில் சேர்க்கும் ஸ்கிரிப்டுகளை, அதாவது குட்டி நிரல்களை, எழுதுவது நான். ஆக்லாந்தில் இதற்கும் சம்பளம் தருகிறார்கள்.

என் பக்கத்து மேசைக்காரர் யாழ்ப்பாணத்துப் பையன். பையன் என்று நான் சொல்கிறேன், அவருக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது. என்னை அக்கா என்று கூப்பிடுவதால் எனக்கு அவர் தம்பிதான். அவருடைய அப்பா இறந்து ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தவர், வந்ததும் கேட்டார்: "அக்கா, கல்வெட்டு ஒண்டு அடிக்க வேணும். உதவி செய்வியளோ?"

எங்கள் மதுரைப் பக்கம் கல்வெட்டு என்றால் கோயில் சுவரில் இருக்கும், அதை யாரும் அடிக்கமாட்டார்கள். அவர்தான் விளக்கினார். இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, தேவாரம், படங்கள், உறவுகளின் வரிசை எல்லாம் சேர்த்துப் புத்தகமாக அச்சடித்து, முப்பத்தொன்றாம் நாள் வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் கொடுப்பார்களாம். அதற்கு எழுதித் தருகிற சொந்தங்கள் டொராண்டோவில், லண்டனில், யாழ்ப்பாணத்தில் என்று சிதறிக் கிடந்தார்கள். ஆளாளுக்கு மெயில் அனுப்பினார்கள். 'கடைசி' என்று ஒரு கோப்பு வரும், மறுநாள் 'உண்மையான கடைசி' என்று இன்னொன்று வரும்.

எனக்கு இந்த மாதிரிக் குழப்பத்தைப் பார்த்தால் கை அரிக்கும். ஒரு மதிய இடைவேளையில் உட்கார்ந்து ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன். எல்லாரும் ஒரே கிளவுட் ஃபோல்டரில் போட வேண்டியது. போட்டது தானாக ரெப்போவுக்குப் போகும், அங்கே புத்தகம் புதிதாகத் தயாராகும், தயாரான பக்கங்கள் அதே ஃபோல்டருக்குத் திரும்பி வரும். லண்டன் சித்தப்பா படத்தைப் போட்ட சற்று நேரத்தில் யாழ்ப்பாணத்தில் ஒருவர் அதைப் பக்கத்தில் பார்த்தார். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

அப்புறம்தான் ஒரு வரி காணாமல் போகத் தொடங்கியது.

தம்பிக்கு ஓர் அக்கா இருக்கிறார். ஆக்லாந்துத் துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம், கிளென்ஃபீல்டில் வீடு. அவர் இந்த ஊர்க்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அப்பா அவரோடு பேசவில்லை. அப்பா பேசாததால், அப்பாவும் அம்மாவும் இருந்த லின்ஃபீல்ட் வீட்டில் யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. அப்பாவைத் தகனம் செய்த அன்று, வெளியே யாரோ சொல்லிக் கேள்விப்பட்டுக் கணவரோடு வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டு, யார் கிட்டேயும் வராமல் போய்விட்டாராம். அப்பாவின் புத்தகத்திலாவது அக்கா பெயர் இருக்க வேண்டும் என்பது தம்பியின் ஆசை. சேர்த்தார். டொராண்டோவிலிருந்த மாமி, அதாவது அப்பாவின் அக்கா, தன் மகனை விட்டு அழித்தார். தம்பி மறுபடி சேர்த்தார். நாங்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம்தான் டொராண்டோவில் மாலை. தம்பி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அங்கே மாமி அழித்துக்கொண்டிருப்பார்.

மாமி ஒளிவுமறைவில்லாத ஆள். போனிலேயே கேட்டாராம்: "அவன் இருக்கேக்கை கதைக்காத பிள்ளையை, அவன் போனாப் பிறகு ஏன் எழுதுறியள்?"

என் ஸ்கிரிப்டுக்கு நல்லது கெட்டது தெரியாது. சேர்த்தால் சேர்த்த பக்கத்தைத் தயாரித்தது, அழித்தால் அழித்த பக்கத்தைத் தயாரித்தது. அச்சகத்துக்குக் கொடுக்கும் நாளில் எது இருக்கிறதோ அதுதான் புத்தகம்.

"அந்த வரியை ஒருத்தரும் தொட ஏலாமல் பூட்டிவிடுங்கோ அக்கா" என்றார் தம்பி.

பூட்டுவது எனக்குப் பெரிய வேலை இல்லை. மாமி மேல் எனக்கிருந்த கோபத்துக்கு அப்போதே பூட்டியிருப்பேன். ஆனால் நாளைக்கு யாராவது கேட்டால், மதுரைக்காரி ஒருத்தி பூட்டினாள் என்றா சொல்ல முடியும்? அலுவலகத்தில் எந்த மாற்றமானாலும் இன்னொருவர் பார்த்துச் சம்மதித்தால்தான் உள்ளே போகும். அதையே இங்கேயும் வைக்கலாம் என்றேன்.

"யாரு சம்மதிக்கணும்? உங்க அம்மாதான். வேற யாருக்கு உரிமை இருக்கு?"

"அம்மா வேண்டாமெண்டு சொன்னா?" என்றார் தம்பி. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை.

அதன்பின் உறவு வரிசையை யார் தொட்டாலும், மாற்றம் அப்படியே நின்று, அம்மாவின் போனுக்கு மெயில் போகும். புதிய பக்கம் இருக்கும், கீழே 'சரி', 'வேண்டாம்' என்று இரண்டு பெரிய பொத்தான்கள். அலுவலகத்தில் மறுப்பவர் காரணம் எழுத ஒரு பெட்டி இருக்கும். கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரியாத அம்மாவுக்கு அது எதற்கு என்று நானே எடுத்துவிட்டேன். எளிமையாகச் செய்கிறேன் என்ற நினைப்பு.

தம்பி கடைசித் தடவையாக அக்கா பெயரைச் சேர்த்தார். மெயில் போனது. அடுத்த நாள் காலை வந்து கணினியைத் திறந்தவர் திரையை என் பக்கம் திருப்பினார். எட்டிப் பார்த்தேன். அம்மா 'வேண்டாம்' அமுக்கியிருந்தார்.

"முடிஞ்சுது அக்கா. விடுங்கோ."

விடுவதா? புருஷன் போன பிறகும் அந்த மனுஷனுக்குப் பயப்படுகிறாரே என்று அந்த அம்மா மேலும் கோபம் வந்தது. வேலை முடிந்ததும் தம்பியின் காரிலேயே லின்ஃபீல்டுக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை, ஆனால் ஒரு வார்த்தையாவது கேட்காமல் வருவதில்லை என்று இருந்தேன்.

அம்மா தேத்தண்ணீர் தந்துவிட்டு, எனக்கு எதிரில் உட்கார்ந்து தானே தொடங்கினார்.

"பிள்ளை, உம்மடை மெசினிலை வேண்டாமெண்டு அமத்தினன். ஏனெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

"ஏம்மா?" என்றேன்.

அவர் போனை எடுத்து, பக்கத்தைப் பெரிதாக்கி என்னிடம் நீட்டினார். 'இன்னாரின் அன்புத் தந்தை' என்று முடியும் வரி. முதலில் தம்பி பெயர், அடுத்து அவருடைய தங்கை பெயர், கடைசியில் அக்கா பெயர். "அவள்தான் மூத்தவள். என்ரை மூத்த பிள்ளையைக் கடைசியிலை கொண்டுபோய்ப் போட்டுக் கிடக்கு. இதுக்கு எப்பிடி நான் சரி சொல்லுறது? மருமகன்ரை பேரும் இல்லை."

மாமியின் கண்ணில் உடனே படக்கூடாது என்று தம்பிதான் கடைசியில் வைத்திருக்கிறார். கல்வெட்டில் பிள்ளைகளை மூத்தவர் முதலாகத்தான் எழுதுவார்கள். அது அவருக்குத் தெரியாமலில்லை, பயம் அப்படி எழுத வைத்துவிட்டது. காரில் வரும் வழியெல்லாம் நான் மனதில் திட்டிக்கொண்டு வந்த மனுஷியின் முன்னால் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு இருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அங்கேயே வரியை மாற்றினோம். மூத்தவர் முதலில் வந்தார், மாமனார் என்று முடியும் வரியில் அவர் கணவரும் வந்தார். அம்மா சரி அமுக்கினார். அலுவலகம் வந்ததும் நான் செய்த முதல் வேலை, எடுத்துவிட்ட காரணப் பெட்டியைத் திரும்ப வைத்தது. அதற்கு உடனே வேலையும் வந்தது. டொராண்டோவிலிருந்து மறுபடி அழித்தார்கள். அம்மா 'வேண்டாம்' அமுக்கி, பெட்டியில் தம்பியை விட்டு எழுதவைத்தார்: "மச்சாள், இது என்ரை பிள்ளை." அதற்குப் பிறகு அந்த வரியை யாரும் தொடவில்லை.

அச்சுக்குப் போகும் முன் அம்மா தம்பியிடம் ஒன்று கேட்டனுப்பினார். இந்தப் பக்கம் மூத்தவளுக்கும் போகுமா, அவளும் ஒருக்காப் பார்த்துச் சரி சொல்லட்டும் என்று. மகளின் மெயில் முகவரியைப் பட்டியலில் சேர்த்தேன். அந்த வீட்டிலிருந்து இத்தனை வருஷம் கழித்து அவருக்குப் போன முதல் செய்தி, 'பக்கத்தைச் சரிபார்க்கவும்' என்று என் ஸ்கிரிப்ட் தானாக அனுப்பியதுதான்.

மறுநாள் பகலில், தம்பி ஏதோ மீட்டிங்கில் இருந்தபோது, எனக்கு ஒரு பிழை அறிவிப்பு வந்தது. ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற பக்கத்துக்கு அதே ஆள் மறுபடி ஒப்புதல் தந்திருக்கிறார், கவனிக்கவும் என்றது. அச்சகத்துக்குப் போகிற நேரத்தில் இது என்ன புதுத் தலைவலி என்று சலித்துக்கொண்டே திறந்தேன்.

மூத்த மகள் அந்தப் பக்கத்துக்குச் சரி சொல்லியிருந்தார். காரணப் பெட்டியிலும் ஒரு வரி எழுதியிருந்தார். பெட்டியில் எழுதுவது அம்மாவுக்கும் மெயிலில் போகும்படி நான்தான் வைத்திருந்தேன்.

"அம்மா, முப்பத்தொண்டுக்கு நான் வீட்டை வரட்டோ?"

அம்மாவுக்குப் போன அந்த மெயிலின் கீழே வழக்கம்போல அதே இரண்டு பொத்தான்கள். அம்மா சரி அமுக்கியிருந்தார்.