மூடி இல்லாத மிதவை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட உள்ள ஒரு துறையிலிருந்து, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருந்த பாடசாலைக்கு நாங்கள் ஐந்து ஆசிரியர்கள் தினமும் தோணியில் போய்வந்துகொண்டிருந்தோம். இந்தக் கரையில் இராணுவக் காவலரண், அந்தக் கரையில் போராளி இயக்கம். எஞ்சினுக்கு எண்ணெய் கொண்டுபோகத் தடை. அதனால் எங்கள் தோணிக்காரர் கோதுமை மாப் பைகளைத் தைத்துப் பாய் கட்டியிருந்தார். காற்று ஒத்துழைத்தால் அரை மணித்தியாலம். இல்லாவிட்டால் முதலாம் பாடம் போன மாதிரிதான்.

அந்த வருடம் வேறொரு துறையில் ஒரு தோணி கவிழ்ந்து இரண்டு பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் எங்களுக்குப் பயம் வந்தது. ஐந்து பேரில் நீந்தத் தெரிந்தவர் எங்கள் பாடசாலையின் பிரதி அதிபர் ஒருவர்தான். எனக்குக் கிணற்று வாளியோடு மட்டும்தான் பழக்கம். தோணியில் ஏதாவது ஒரு மிதவை இருக்கவேண்டும் என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தது.

எதை வைப்பது என்பதில்தான் சண்டை. தோணிக்காரர் லொறி டியூப்தான் நல்லது என்றார். அடுத்த நாளே ஒன்றைக் கொண்டும் வந்தார். காவலரணில் அதை மறித்துவிட்டார்கள். டியூப் அக்கரைக்குப் போகக்கூடாதாம். உயிர்காப்பு அங்கி தருவதாக ஒரு நிவாரண அமைப்பு சொன்னது, அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. வாழைமரக் குற்றிகளைக் கட்டலாம் என்றார் ஒருவர். அது தோணியில் பாதி இடத்தைப் பிடிக்கும், ஒரு கிழமையில் அழுகிவிடும்.

நான் கணித ஆசிரியர். சும்மா இருப்பேனா? கரும்பலகையில் படம் வரைந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். இருபது லீற்றர் பிளாஸ்டிக் கான் ஒன்று காற்றோடு மூடியிருந்தால் கிட்டத்தட்ட இருபது கிலோவைத் தாங்கும். நாலு கானை ஒரு மரச்சட்டத்தில் கட்டினால் எண்பது கிலோ. தண்ணீருக்குள் கிடக்கும் ஆளுக்கு ஐந்து, ஆறு கிலோ தாங்கினாலே போதும். ஆக, எங்கள் எல்லோருக்கும் தாராளம்.

எல்லோரும் தலையாட்டினார்கள், மனையியல் டீச்சரைத் தவிர. அவருக்கு என்னுடைய வயதுதான், என்னைப்போலவே நீந்தவும் தெரியாது.

"சேர், மூடிக்குள்ளால தண்ணி போனா?" என்று கேட்டார்.

"மூடினா எப்படி டீச்சர் போகும்?" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"மூடி இல்லாத சாமானாப் பார்த்தா நல்லம் எண்டு நினைச்சன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கொப்பி திருத்தப் போய்விட்டார்.

பாடசாலை அதிபர் இராணுவ முகாமுக்குக் கடிதம் எழுதினார். நாலு வெற்றுக் கானுக்கு அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு நாளும் காவலரணில் மூடிகளைத் திறந்து, உள்ளே மண்ணெண்ணெய் இல்லை என்று மணந்து பார்க்கவேண்டும். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். சட்டத்தை நானே அடித்தேன். கான்களுக்கு இலக்கமும் போட்டேன்.

டீச்சர் தன்பாட்டில் வேறு வேலை செய்திருந்தார். உரிக்காத காய்ந்த தேங்காய் எட்டை ஒரு பழைய மீன் வலைத்துண்டில் போட்டு இறுக்கி, சுற்றிவரக் கைபிடிக்க ஒரு கயிறும் கோத்துக் கொண்டுவந்தார். காவலரணில் ஒருநாள் ஒரு தேங்காயை வெட்டிப் பார்த்தார்கள். பிறகு அதைக் கவனிப்பதே இல்லை. தோணியில் அதைக் காலடியில் வைத்துக்கொண்டு இருப்பார். "டீச்சர் சம்பலுக்குச் சாமானோட வாறா" என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ஒருநாளும் அதை விட்டுவிட்டு வந்ததில்லை.

கார்த்திகை மாதம், மூன்றாந் தவணைப் பரீட்சை தொடங்கும் நாள். வினாத்தாள் கட்டு என்னிடம் இருந்தது. காவலரணில் வரிசை நீளம், மழையும் தூறத் தொடங்கிவிட்டது. எங்கள் முறை வந்ததும் ஒரு சிப்பாய் நாலு மூடியையும் கழற்றி, மணந்து பார்த்து, மூடிகளை என் கையில் தந்து போகச் சொன்னான். நான் இரண்டு கானை மூடினேன். அதற்குள் கரையில் வைத்திருந்த வினாத்தாள் கட்டில் மழை விழுவதைக் கண்டேன். ஓடிப்போய் அதை எடுத்துப் பொலித்தீனால் சுற்றினேன். தோணிக்காரர் கூப்பிட்டார். ஏறி உட்கார்ந்தேன்.

நடு வாவியில் காற்று திடீரென்று திரும்பி அடித்தது. "பாயை இறக்கப்போறன், குனிஞ்சு இரிங்க!" என்று தோணிக்காரர் கத்தினார். கயிறு நனைந்து இறுகிப்போய்க் கழலவில்லை. தோணி ஒருபக்கம் சரிந்தது. அவ்வளவுதான் தெரியும். அடுத்தது என் மூக்கு, வாய் எல்லாம் தண்ணீர்.

மேலே வந்தபோது சட்டம் என் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. பாய்ந்து பிடித்தேன். ஒருபக்கம் மிதக்க, மறுபக்கம் கொடகொடவென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நான் பாரத்தைப் போட்டதும் சட்டம் தலைகீழாகப் புரண்டு என்னையும் கீழே அமுக்கியது. கைவிட்டேன். கால் நிலைக்கவில்லை. தோணி கவிழ்ந்து தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் தோணிக்காரரும் பிரதி அதிபரும் மற்ற இரண்டு பேரையும் பிடித்து வைத்திருந்தது தெரிந்தது.

எனக்குப் பக்கத்தில் ஒரு தலை தெரிந்தது. யார், எவர் என்று நான் பார்க்கவில்லை. அந்த ஆளின் கழுத்தைக் கட்டிப் பிடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே போனோம். ஒரு கை என் முகத்தைப் பலமாகத் தள்ளியது.

"சேர், கழுத்தப் பிடிக்காதீங்க! கயித்தப் பிடிங்க, கயித்த!"

மனையியல் டீச்சர். என் விரல்களைப் பிய்த்து எடுத்து, தேங்காய் வலையின் கயிற்றுக்குள் திணித்தார். "ஏறப் பார்க்காதீங்க, தாடையை மட்டும் மேல வைங்க" என்றார். ஒருபக்கம் அவர், ஒருபக்கம் நான். அந்த வலை எங்கள் இரண்டு பேரையும் தாங்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. இறால் பிடிக்க வந்த இரண்டு பேர் கண்டுவிட்டு வள்ளத்தோடு வந்தார்கள். தோணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களையும் ஏற்றினார்கள். ஆறு பேரும் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கரையில் ஒரு வீட்டில் உடுக்கச் சாரனும் துடைக்கத் துவாயும் தந்து தேத்தண்ணி வைத்தார்கள். நான் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றிப் பிழியும்போது பையில் ஏதோ உருண்டது. இரண்டு மூடிகள்.

வெளியே பேச்சு நடந்துகொண்டிருந்தது. மிதந்து வந்த சட்டத்தை யாரோ இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். "அந்தச் சிப்பாய் ரெண்டு கானைத் திறந்தபடியே விட்டிருக்கிறான்" என்றார் பிரதி அதிபர். "முகாமுக்கு எழுத்தில முறைப்பாடு குடுக்கத்தான் வேணும்."

தோணிக்காரர் பதறிப்போனார். "வேணாம் சேர். முறைப்பாடு போனாத் துறையை மூடிருவாங்க. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லாமப் போயிரும்."

"அப்ப ஆறு பேர் சாகப் பார்த்ததுக்கு ஒருத்தரும் பொறுப்பில்லையா?"

நான் வெளியே வந்து உட்கார்ந்தேன். தேத்தண்ணியை வாங்கிக் குடித்தேன். ஒன்றும் பேசவில்லை. அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அந்தச் சிப்பாய்ப் பொடியன் காவலரணுக்கு வந்த அன்றிலிருந்து எங்களைப் பார்த்து ஒருநாளும் சிரித்ததில்லை. பழி அவன்மேல் கிடந்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. பிரதி அதிபர் கடுதாசி கேட்டார். வீட்டுக்காரர் ஒரு கொப்பி ஒற்றையைக் கிழித்துக் கொடுத்தார். பிரதி அதிபர் அதில் திகதி எழுதத் தொடங்கியபோதுதான் என்னால் முடியாமல் போனது. இரண்டு மூடிகளையும் அவர் முன்னால் வைத்தேன்.

"சிப்பாய் என்ர கையிலதான் தந்தவன். நான்தான் மூடல்ல" என்றேன்.

பிரதி அதிபர் பேனையை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். டீச்சர் என்னைக் குத்திக்காட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் ஈரச் சேலையின் தலைப்பைப் பிழிந்துகொண்டே எழும்பினார்.

"சரி சேர், நீங்க சொன்னதே பெரிய காரியம். பிள்ளைகள் காத்துக்கொண்டு நிப்பாங்க, நடப்பம்."

வினாத்தாள்கள் கூழாகிவிட்டன. அன்றைய பரீட்சையைக் கரும்பலகையில் எழுதித்தான் வைத்தோம். என் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ஒரு பிள்ளை எழும்பி, "சேர், அது மூண்டா எட்டா?" என்று கேட்டது.

அந்தச் சனிக்கிழமை டீச்சர் வீட்டு முற்றத்தில் இருந்து, அவர் சொல்லித்தரத் தரத் தேங்காய் வலைகள் இன்னும் ஐந்து கட்டினேன், மற்ற ஐந்து பேருக்கும் ஆளுக்கொன்று வரும்படி. முதலில் கட்டிய இரண்டும் தொளதொளவென்று இருந்ததால் பிரித்து மறுபடி கட்டச் சொன்னார். இரண்டு வருடம் கழித்து எனக்கு இடமாற்றம் கிடைக்கும்வரை அந்த வலைகள்தான் தோணியில் இருந்தன. அதற்குப் பிறகு தோணி கவிழவில்லை.

அன்று கரும்பலகையில் நான் போட்ட கணக்கில் பிழை இல்லை, இன்றைக்குப் போட்டாலும் எண்பது கிலோதான் வரும். ஆனால் உயிரைக் காக்கும் எந்தப் பொருளைப் பார்த்தாலும், அது எவ்வளவு தாங்கும் என்று கேட்பதற்கு முன்னால், என்னைப்போல் அவசரப்படுகிற, மறந்துபோகிற, பிறகு பழியை இன்னொருவன்மேல் விடப் பார்க்கிற ஒரு மனிதனின் கையில் இது என்ன ஆகும் என்றுதான் இன்றைக்கும் முதலில் யோசிக்கிறேன்.