என் ராணிக்குப் பக்கத்தில் இரண்டு கேள்விக்குறி

1996-ல் திண்டுக்கல்லில் தொலைபேசி ஆபரேட்டராக இருந்தேன். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கத்துகிற வேலை. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் வாயை மூடிக்கொண்டு செய்யக்கூடிய ஒரே பொழுதுபோக்கு செஸ்தான். எனக்கு ஜோடி, என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த தோழி. பேகம்பூர்க்காரி. பத்து ஆட்டம் ஆடினால் ஏழு அவள் ஜெயிப்பாள். எனக்கு அதில் உள்ளூர எரிச்சல், மறைப்பானேன்?

அந்த வருஷம் ஊழியர்களுக்கான விளையாட்டுப் போட்டியில், பெண்கள் செஸ் இறுதி ஆட்டத்துக்கு நாங்கள் இருவரும்தான் வந்தோம். ஜெயித்தால் ஒரு கப், அதோடு சென்னையில் மாநிலப் போட்டி. ஆரம்பத்திலிருந்தே அவள் கைதான் ஓங்கியிருந்தது. மூலைவாட்டில் ஓடும் அவளுடைய மந்திரி என் எல்லைக்குள் புகுந்து, ஒரு சிப்பாயை வெட்டிவிட்டு, என் யானையைக் குறிவைத்து ஒட்டி நின்றது. சரி, யானை போச்சு என்று நினைத்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

அவள் ராஜா மூலையில் இருந்தது. அது தப்பி ஓட வேண்டிய கட்டங்களை என் குதிரை அடைத்துக்கொண்டிருந்தது. என் ராணியை ராஜாவுக்கு நேர் முன்னால் கொண்டுபோய் செக் வைத்தால், அவள் வெட்டியே ஆக வேண்டும். வெட்டியதும் என் யானை ஓரக் கோட்டுக்குப் போய் மறுபடி செக். ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை, ஆட்டம் முடிந்தது!

ராணியைத் தூக்கி டொக்கென்று வைத்தேன். வைத்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். தோல்வியை ஒத்துக்கொண்டு ராஜாவைச் சாய்த்துவிட்டு எழுந்துவிட்டாள். ராணியை வெட்டிப் பார்க்கக்கூட இல்லை.

சென்னைக்குப் போய் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினேன். அதை நான் யாரிடமும் சொல்வதில்லை. ராணியைக் கொடுத்து ஜெயித்த கதையை மட்டும் விடவே மாட்டேன். ஆபீசில் புதிதாக யார் சேர்ந்தாலும், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "இவ ராஜா அன்னைக்கு என் ராணியப் பாத்தே மயங்கி விழுந்துட்டாரு" என்பேன். அவளும் சிரிப்பாள். ஆனால் அன்றைக்குப் பிறகு அவள் செஸ் பலகையைத் தொடவே இல்லை. கூப்பிட்டால், "எனக்கு மூளை அம்புட்டுத்தான்டி, விடு" என்று போய்விடுவாள். நானும் விட்டுவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்சம் சந்தோஷமாகத்தான் விட்டேன்.

பத்து வருஷம் கழித்து, மகள் கல்லூரியில் சேர்ந்தாள் என்று வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கினோம். அதில் ஒரு செஸ் புரோகிராம் இருந்தது. பழைய ஆட்டத்தைப் பதிவு செய்தால் எது நல்ல நகர்வு, எது மோசம் என்று குறி போட்டுக் காட்டுமாம். என் பெருமையை அதன் வாயாலும் கேட்க எனக்கு ஆசை. நகர்வுகளை எழுதி, கப்புக்குள் சுருட்டி வைத்திருந்த ஆட்டத்தாளை எடுத்து, ஒவ்வொரு நகர்வாகத் தட்டினேன்.

கடைசி நகர்வில், என் ராணிக்குப் பக்கத்தில் இரண்டு கேள்விக்குறி விழுந்தது. படுமோசமான நகர்வு என்று அர்த்தம்.

வந்துச்சே எனக்குக் கோபம்! இந்த டப்பாவுக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். எங்கேயாவது தப்பாகத் தட்டியிருப்பாய் என்றார் கணவர். மறுபடி தட்டினேன். மறுபடியும் அதே இரண்டு கேள்விக்குறி. காரணம் என்று அது காட்டிய எண்ணும் எழுத்தும் எனக்குப் பிடிபடவில்லை. சரி, அவளுடைய இடத்தில் நீயே உட்கார்ந்து ஆடு என்று கம்ப்யூட்டரை ஆட விட்டேன். அது ராணியை வெட்டியது. நான் யானையை நகர்த்தி செக் வைத்துவிட்டு, அது தோல்வியை ஒத்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தேன். அதன் மந்திரி அந்தக் கோடியிலிருந்து பின்னால் வழுக்கிக்கொண்டு வந்து, யானைக்கும் ராஜாவுக்கும் நடுவில் நின்றது.

அட, இது எப்படி வந்தது? நகர்வைப் பின்னால் எடுத்துப் பார்த்தேன். அந்த மந்திரி திரும்பிப் போகும் வழியை அதுவரை அடைத்து நின்றதே என் யானைதான். செக் வைக்கிற அவசரத்தில் யானையை நகர்த்தி, நானே அதற்கு வழியைத் திறந்துவிட்டிருக்கிறேன். மந்திரி யானையை வெட்டப் பார்க்கிறது என்பது மட்டும்தான் எங்கள் இருவர் கண்ணிலும் பட்டது. அது பின்னாலும் வரும் என்று தோன்றவே இல்லை. நான் ராணியைச் சும்மா தூக்கிக் கொடுத்திருந்தேன். அன்றைக்கு அவள் தொடர்ந்து ஆடியிருந்தால் அந்தக் கப் அவளுடையது.

பழசைக் கிளறாதே என்றார் கணவர். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பலகையையும் கப்பையும் பையில் போட்டுக்கொண்டு பேகம்பூருக்கு டவுன் பஸ் ஏறினேன்.

அவள் வெஞ்சனத்துக்கு வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். நான் பலகையை விரித்து, அந்த இறுதி ஆட்டத்தில் நின்றபடியே காய்களை அடுக்கியதும் அவள் முகம் மாறிவிட்டது.

"ஏன்டி, வீட்டுக்கே வந்து குத்திக்காட்டணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. ராணியை வைத்து, வெட்டச் சொன்னேன். வெட்டினாள். யானையை நகர்த்தினேன். செத்த நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் கை தானாக மந்திரியிடம் போனது. அதைப் பின்னால் இழுத்து நடுவில் வைத்தாள்.

"அப்ப நான் தோக்கலையா?"

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். கப்பை எடுத்து அவள் முன்னால் வைத்து, கம்ப்யூட்டர் எனக்கு இரண்டு கேள்விக்குறி போட்ட கதையைச் சொன்னேன்.

"உனக்கு ரெண்டு. ராஜாவச் சாச்சனே, எனக்கு எத்தனை போட்டுச்சு?" என்றாள். அதற்கு அது ஒன்றுமே போடவில்லை என்றேன். "போடாது. நான் பலகையவா பாத்தேன்? உன் மூஞ்சியப் பாத்துல்ல சாச்சேன்" என்றவள், வெண்டைக்காய்த் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "பத்து வருஷமா நீ சொல்றப்பல்லாம் சிரிச்சனே, ஒருதரம்கூட எனக்குச் சிரிப்பு வந்ததில்லடி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிச்சுக்கடி என்றேன்.

அவள் கப்பை எடுத்து அலமாரியில் வைத்தாள். திரும்பி வந்து காய்களை முதலிலிருந்து அடுக்கி, "உக்காரு" என்றாள். சாப்பாட்டுக்குள் இரண்டு ஆட்டம் ஆடினோம். இரண்டிலும் நான்தான் தோற்றேன்.

இப்போதும் வீட்டிலோ ஆபீசிலோ நான் சொன்னதை யாராவது மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டால், ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு நினைக்கத் தோன்றுவதில்லை. சொல்லும்போது என் மூஞ்சி எப்படி இருந்தது என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.