ரிப்பன்காரிக்காக ஒரு மொட்டை

மழித்த மண்டையில் பூசிய சந்தனம் காயும்போது தோலைச் சுரீரென்று இழுக்கும். பதினொரு வயதில் எனக்கு அந்த இழுப்பைக் கற்றுக்கொடுத்தவள், ரங்கூனை வரைபடத்தில்கூடத் தேடியிருக்காத ஒரு தென் அமெரிக்க டென்னிஸ்காரி. அவள் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. நெற்றியில் சிவப்பு நாடா கட்டி ஆடியதால் அப்பாவுக்கு அவள் "ரிப்பன்காரி". ரங்கூன் பசுந்தாங்கில் எங்கள் நாலாம் மாடி வீட்டில், வேலைவிட்டு வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்து, பெற்ற மகளைத் "தள்ளி நில்லு" என்று விரட்டிவிட்டு அவளுக்குக் கைதட்டுவார்.

அவள் முதன்முறையாகப் பெரிய கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்த மாலையில், வெற்றிக்கு ஒரே புள்ளி பாக்கி இருக்கும்போது "மீ" போய்விட்டது. மின்சாரத்தை நாங்கள் பர்மியச் சொல்லால்தான் சொல்வோம். அப்பா பத்து நிமிடம் இருட்டில் நடந்து பார்த்தார், முடியவில்லை, அவள் ஜெயித்தால் முடியிறக்குவதாகக் காளியம்மனுக்கு உரக்க வேண்டிக்கொண்டார். அவருக்கோ வழுக்கை, அம்மா சுமங்கலி, மிச்சம் நான். விளக்கு வந்தபோது அவள் கோப்பையை முத்தமிட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா எனக்காக வாதாடினாள்.

"நீங்க வேண்டுறதுக்கு முந்தியே அவ ஜெயிச்சிருப்பா. புள்ள முடிய ஏன் எடுக்கணும்?"

"ஆத்தா கடியாரம் பாத்தா வரம் குடுக்குறா? சொன்னது சொன்னதுதான்."

இடுப்புக்குக் கீழே தொங்கிய ஜடை அந்த வெள்ளிக்கிழமை போயிற்று. அந்த ஜடைக்காகவே பள்ளி விழா நடனத்தில் என்னை முன்வரிசைக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இந்த ஊரில் மொட்டையடித்த பெண்பிள்ளை என்றால் புத்த பிக்குணிதான். சந்தையில் முட்டை விற்கிற அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு, என்னைச் "சயாலே" என்று கும்பிட்டு, கையில் ஒரு பிடி அரிசி வைத்தாள். நடன ஆசிரியை சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பிக்குணிகளுக்கு ஆட்டம் பாட்டம் ஆகாது, இந்தத் தலையோடு மேடையில் ஆடினால் பார்க்கிறவர்களுக்குப் பாவம் என்று சொல்லி என் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்தார். விழாவன்று நான் போகவில்லை. வீட்டில் கிடந்து ரிப்பன்காரியைச் சபித்தேன்.

சாபம் பலித்தது என்றே வைத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு அவள் எதையும் ஜெயிக்கவில்லை. முதல் சுற்றிலேயே தோற்றாள், நடுவரிடம் கத்தினாள், மட்டையை உடைத்தாள், மூட்டு தேய்ந்து முப்பது வயதுக்குள் ஓய்வுபெற்றாள். அவள் தோற்ற ஒவ்வொரு நாளும் எனக்குத் தீபாவளி. அப்பா மட்டும் அவள் மூட்டுக்காக விரதம் இருந்தார். அதே வருஷம் நான் பத்தாம் வகுப்பில் இரண்டாம் முறை தவறினேன். அதற்கு அவர் ஒரு சூடம்கூடக் கொளுத்தவில்லை.

இப்போது பசுந்தாங் வீட்டை இடித்துவிட்டார்கள். அம்மாவும் இல்லை. மிங்கலாடோனில் என்னோடு இருக்கும் அப்பா, கைபேசியில் அவளுடைய பழைய ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். போன வாரம் சோறு போட்டுக்கொண்டே, எனக்காக ஏன் ஒரு தடவைகூட வேண்டிக்கொள்ளவில்லை என்று கேட்டுவிட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ வீட்லதானே இருக்கே."