நொச்சி ஒத்தடம்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உடம்பு வலித்தது. வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும் உரிமை மட்டும் ஆண்பிள்ளைகளுக்குத்தான். மாமியாருக்கு முட்டி இரண்டும் போயிருந்தன. களை வெட்டிவிட்டு வந்தால் எனக்குக் குறுக்கு நிமிராது. எங்கள் வலிக்குச் சோம்பேறித்தனம் என்று பெயர். என் வீட்டுக்காரர் தோளைத் தொட்டுக் காட்டினால் போதும், புறக்கடை அடுப்பு இரண்டும் எரிய ஆரம்பித்துவிடும்.

அவரைக் குறை சொல்லவில்லை. மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைப்பது சும்மா இல்லை. கிணற்று மேட்டிலிருந்து மாடுகள் சரிவில் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்து அழுத்த வேண்டும். தோல்சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டியதும், அதே மாடுகளைப் பின்னாலேயே மேடேற்ற வேண்டும். கோழி கூப்பிடுவதற்குள் பூட்டினால் வெயில் உச்சிக்கு வரும்வரை இதே பாடு. கம்போடியாப் பருத்தி அந்தக் குடி குடிக்கும். போதாததற்கு, அந்தியூர்ச் சந்தையில் அந்த வருஷம் பிடித்துவந்த காளைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. ஒன்று இழுத்தால் மற்றது நிற்கும். அவற்றோடு மல்லுக்கட்டி வீடு வந்து சேரும்போது மனிதருக்கு வலது கை தூக்க வராது.

மருந்து என் கைவேலை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. நொச்சியும் ஆமணக்கும் எங்கள் வேலியிலேயே கிடந்தன. வாதமடக்கி இலைக்கு மட்டும் பக்கத்துத் தோட்டம் போக வேண்டும். மூன்றையும் ஈரமில்லாமல் துடைத்து, நறுக்கி, இரும்புச் சட்டியில் விளக்கெண்ணெய் விட்டு வதக்குவேன். பச்சை வாடை போய் மூக்கில் ஏறுகிற ஒரு நெடி வரும். அப்போது வறுத்த கல்லுப்பைக் கலந்து, பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டுவேன். பழைய வேட்டிதான் வேண்டும். புதுத்துணி சூட்டை உள்ளேயே வைத்திருந்து திடீரென்று விடும். மாமியாரிடம் இதைச் சொன்னால் துணி என்றால் துணிதான், இதிலென்ன பழசு புதுசு என்பார். எப்படியோ போகட்டும். கட்டிய மூட்டையை முதலில் என் முழங்கை மடிப்பில் வைத்துப் பார்ப்பேன். எனக்குப் பொறுத்தால் அவருக்கும் பொறுக்கும்.

மூட்டை தோளில் பட்டதும் அவர் ஒரு சத்தம் போடுவார். கொன்றுவிடாதே, உன் தாலிக்கு நீயே உலை வைக்காதே என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். எல்லாம் நடிப்பு. இரண்டாவது ஒத்தலில் கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விடுவார். பிறகு புளிய இலையும் நொச்சியும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரைத் தலையோடு ஊற்றிவிட்டால், கம்மஞ்சோற்றில் கை இருக்கும்போதே தூங்கி விழுவார். அவரை அப்படிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். இந்தப் பெரிய உடம்பு என் கைக்கு அடங்குகிறதே என்று ஒரு சந்தோஷம்.

மார்கழியில் ஒருநாள் அவர் சத்தம் போடவில்லை.

மூட்டையை வலது தோளில் வைத்தேன். அவர் பாட்டுக்கு மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எடுத்து இன்னொரு தரம் வைத்தேன்.

"இன்னுங் கொஞ்சம் காயவெச்சுக்கிட்டு வா அம்மிணி. ஒண்ணுமே ஒறைக்கிலே."

காளைகளோடு பழகிப் பழகி மாட்டுத்தோலே வந்துவிட்டதா என்று கேலி செய்துகொண்டே மறுபடி சட்டியில் போட்டுப் புரட்டினேன். இந்தத் தடவை முழங்கையில் பட்ட மாத்திரத்தில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். கொஞ்சம் ஆறட்டும் என்று சொல்வதற்குள் அவர் கையை நீட்டி வாங்கி, தோளுக்குப் பின்னால் வைத்து அழுத்திக்கொண்டார். இப்போதுதான் இதமாக இருக்கிறது என்றார்.

காலையில் அந்த இடத்தில் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம். அவருக்கு அது இருப்பதே தெரியவில்லை. சட்டை போடாத மனிதர், துண்டை எடுத்து அதன் மேலேயே போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். பார்த்தது மாமியார்தான்.

"கட்டுனவனக் கறி சுடறாப்பல சுட்டுப்போட்டயே, கண்ணு தெரியிலியா உனக்கு?"

வழக்கமாக இப்படி ஒரு பேச்சுக்கு நான் இரண்டு பேச்சு திருப்பித் தருவேன். அன்று என் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் முழங்கை மடிப்பு இன்னும் சிவந்து எரிந்துகொண்டிருந்தது. பட்டதும் எடுத்த எனக்கே இப்படி என்றால், அழுத்திப் பிடித்துக்கொண்டவருக்கு எப்படி எரிந்திருக்க வேண்டும்? அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதற்கும் ஒரு ஏச்சு வாங்கினேன்.

கொப்புளத்தைச் சுற்றித் தோல் வெளுத்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். வெற்றிலை அகலத்துக்கு ஒரு வெளிறல். மாமியார் அதைத் தேமல் என்று சொல்லி, பூவரசங்காயை நறுக்கி அதன் பாலைத் தினமும் காலையில் தடவிவிட்டார். தேமல் என்றால் வேர்வையில் அரிக்கும். அவருக்கு அரிக்கவில்லை. காயின் நறுக்கிய முனையால் மாமியார் அழுத்தித் தேய்ப்பார். என் வீட்டுக்காரர் யாருக்கோ நடப்பதுபோல் வேப்பங்குச்சியை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பார்.

எனக்கு என்ன பயம் என்று சொல்லிவிடுகிறேன். கருமத்தம்பட்டிப் பக்கத்தில் என் பிறந்த ஊரில், பனைமரத்தடியில் ஒரு குடிசையில், என் அப்பாவுக்கு மூத்தவர் தனியாக இருந்தார். பெருவியாதி. குஷ்டம் என்று வீட்டில் வாயால் சொல்லமாட்டார்கள். சின்ன வயதில் சோறு கொண்டுபோனது நான்தான். கல்லின் மேல் அவர் வைத்திருக்கும் சட்டியில், மேலே படாமல் உயரத்திலிருந்து கஞ்சியை ஊற்றிவிட்டு ஓடி வந்துவிட வேண்டும். ஒருநாள் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பானையை அவர் வெறுங்கையால் இறக்கினார். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். சிரித்தார்.

"பாரு கண்ணு, பெரியப்பனுக்கு நெருப்பே சுடாது."

அது ஏதோ வரம் என்று நினைத்துக்கொண்டு வீடு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதார். பெரியப்பாவின் விரல்கள் ஏன் அப்படிக் குட்டையாக இருந்தன என்று பிறகுதான் புரிந்தது. என் அப்பா ஒரே பிள்ளை என்று சொல்லித்தான் என்னை இந்த வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள்.

இப்போது நான் யாரிடம் போய்க் கேட்பது? சுடாத தோலைப் பற்றி வாயைத் திறந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்றுதான் முதல் கேள்வி வரும். கேள்வி போகட்டும், பதில் சொல்லிக்கொள்வேன். என் வீட்டுக்காரரை என்ன செய்வார்கள்? எங்கள் தோட்டத்தின் தெற்குக் கடைசியில் ஆள் இல்லாத ஒரு சாளை இருந்தது. எப்போதோ ஆட்டுக்குப் போட்ட கூரைக் குடிசை. அதுவரை அதை நான் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அந்த வாரம் பார்த்து மாமியார், குட்டிகள் பெருகிவிட்டன, தை பிறந்ததும் சாளைக்குப் புது ஓலை மாற்ற வேண்டும், ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆட்டுக்குப் போடுகிற கூரையாகக் கேட்கவில்லை.

ஒத்தடத்தை நிறுத்தினேன். வாதமடக்கி இலை கிடைக்கவில்லை என்று ஒரு சாக்கு. நொச்சியில் பூச்சி விழுந்துவிட்டது என்று ஒரு சாக்கு. ஒத்தடம் வைக்காதவரைக்கும் அது வெறும் தேமல்தான் என்று என் மனதுக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராத்திரி அவர் தோள் என் மேல் பட்டால் மட்டும், அந்த இடம் எனக்குச் சுடுவதுபோல் இருக்கும். ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்துக்கு, துண்டு நிறைய இலையோடு அவரே வந்து நின்றார்.

"எலை இல்லீன்னு சொன்னயே அம்மிணி, இந்தா."

மூன்று இலையும் இருந்தன. பூச்சி இல்லாத தளிராகப் பார்த்துப் பறித்திருந்தார். அதற்கு மேல் என்ன சாக்குச் சொல்வது? அடுப்பை மூட்டினேன்.

வெயில் இன்னும் இருந்தது. அவர் துவைகல்லில் எனக்கு முதுகு காட்டி, தொட்டியில் தண்ணீர் குடிக்கும் காளைகளைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சற்றுத் தள்ளி மாமியார் எங்களைப் பார்க்க உட்கார்ந்து முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். மூட்டை கட்டினேன். முழங்கை மடிப்பில் வைத்தேன். நன்றாகச் சுட்டது, ஆனால் பொறுத்தது. முதலில் இடது தோளில் வைத்தேன்.

உலகத்தையே கூப்பிட்டுவிட்டார். கொலை, கொள்ளை, கேட்க ஆளில்லையா என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பொய்ச் சத்தம் அப்படி இனித்தது. மாமியாரும் சிரித்துவிட்டார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், ஒரு தேமலை வைத்துக்கொண்டு என்னென்ன நினைத்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டே, மூட்டையை எடுத்து வலது தோளில் அந்த வெளிறலின் மேல் வைத்தேன்.

எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டேன். கத்துவார், இப்போது கத்துவார் என்று காத்திருந்தேன். மூட்டையின் முடிச்சு வழியாக என் விரல்களுக்கே சூடு பொறுக்கவில்லை. காளை ஒன்று தலையை ஆட்டி அவர் மேல் தண்ணீர் தெளித்தது. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு திரும்பாமலேயே கேட்டார்.

"ஏனம்மிணி, மூட்டைய இன்னும் வெக்கிலியா?"

முறம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். மாமியார் என் கையையும், அதன் அடியில் மகன் தோளில் இருந்த மூட்டையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதா வெக்கறேனுங்க" என்று சொன்னேன். மூட்டையை எடுத்து மறுபடியும் இடது தோளில் வைத்தேன். அவர் வழக்கம்போலச் சத்தம் போட்டார். இந்தத் தடவை மாமியார் சிரிக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, தெற்கே சாளை இருந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.