அப்பப்பாவின் பிண்டமும் அயர்லாந்துப் படகும்

ஆடி அமாவாசைக்கு ஐயர் தருகிற பிண்டத்தை ஓடுகிற தண்ணீரில் கரைக்க வேண்டும். ஊரில் என்றால் அதற்குக் கீரிமலைக் கடல் இருக்கிறது. மொன்றியலில் எது ஓடுகிற தண்ணீர், எது நிற்கிற தண்ணீர் என்பதில் வந்த புதிதில் எங்கள் ஆட்களுக்குள் ஒரு முடிவு இல்லை. எனக்கு ஒன்பது வயதாக இருந்த கோடையில் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். அதை நான்தான் குழப்பினேன். இத்தனை வருசமாக ஒருவருக்கும் சொல்லாத கதை இது. பிள்ளையாரை நினைத்துக்கொண்டு இப்போது எழுதுகிறேன்.

முந்தின வருசம் பங்குனியில் ஊரில் அப்பப்பா காலமாகியிருந்தார். அப்பா மூத்த மகன். எங்களுக்கு அப்போது அகதி வழக்கு முடியவில்லை. கனடாவை விட்டு வெளியே போனால் திரும்பி வர ஏலாது. ஆகவே கொள்ளி வைத்தது சித்தப்பா. அப்பா எங்கள் செயின்ட்-மிஷேல் வீட்டில் ரெலிபோனைக் காதில் வைத்தபடி அங்கே பறை அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். தகப்பனுக்கு அவர் செய்த கிரியை அவ்வளவுதான். ஒரு வருச ஆட்டைத் திவசம் முடிந்து வருகிற முதல் ஆடி அமாவாசையையாவது ஒரு குறையில்லாமல் செய்ய வேண்டும் என்று ஒரு மாதத்துக்கு முன்பே அம்மாவிடம் சொல்லத் தொடங்கிவிட்டார். கேட்டுக் கேட்டு அம்மாவுக்கே அலுத்துவிட்டது.

அப்பாவுக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் வேலை. அந்தப் பக்கத்து ஏரிக்கரையில் ஒரு சின்னத் துறை இருப்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்து வைத்திருந்தார். ஏரி ஆற்றோடு சேருது, ஆறு கடலோடு சேருது, அப்ப அதுவும் கடல்தானே என்பது அவருடைய நியாயம். அம்மா தம்பியை வைத்துக்கொண்டு வீட்டில் சமைக்க நின்றாள். இங்கிலிசு கதைக்க ஆள் வேண்டும் என்று அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுதான்; எனக்குத் தெரிந்த இங்கிலிசு முழுக்க ரிவியில் பார்த்துப் படித்தது.

காலையில் கோயிலில் ஐயர் பிண்டம் வைப்பித்து, வாழையிலையில் பொதி செய்து கொடுத்தார். அப்பா அதை எவர்சில்வர் பெட்டியில் வைத்து, மடியில் குழந்தையை வைத்திருப்பது போல மெட்ரோவிலும் இரண்டு பஸ்களிலும் வைத்துக்கொண்டு வந்தார். வெறும் வயிறு. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

துறையைப் பார்த்ததும் எனக்கு விரதம் மறந்துபோனது. பெரிய பெரிய கல்லை அடுக்கி ஏரிக்குள் ஒரு அணை கட்டியிருந்தார்கள். அதற்குள்ளே வெள்ளைப் படகுகள் நெருக்கமாக நின்று, கம்பங்கள் எல்லாம் கிணுகிணு என்று சத்தம் போட்டன. என் வயதுப் பிள்ளைகள் சவர்க்காரப் பெட்டி போன்ற குட்டிப் பாய்ப்படகுகளில் ஆளுக்கொன்றாக ஏறி, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு கத்தினார்கள். ஒரு நாய்க்குச் செம்மஞ்சள் மிதவைச் சட்டை போட்டிருந்தார்கள். அணையின் வெளிப்பக்கத்தில்தான் வெளியூர்ப் படகுகளைக் கட்டுவார்கள். அதில் ஒன்றில் கயிறு கட்டித் துவாயும் காற்சட்டையும் காயப்போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரரும் உடுப்புத் தோய்த்துக் காயப்போடுவார்கள் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, படியில் இறங்கி, தெற்கு எது என்று வெயிலைப் பார்த்துத் திரும்பினார். பொதியை எடுக்கவில்லை, அதற்குள் துறையில் வேலை செய்கிற ஒரு பெட்டை ஓடி வந்தாள். இருபது வயதுதான் இருக்கும். பிரெஞ்சில் மரியாதையாகத்தான் சொன்னாள்: இங்கே தண்ணீருக்குள் ஒன்றும் போடக்கூடாது, மன்னிக்க வேண்டும். நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா "மெர்சி, மெர்சி" என்றார். நன்றி என்கிற அந்தச் சொல்தான் அவருக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி. பக்கத்துப் படகில் வைன் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"வேற எங்கையும் போவம் அப்பா."

"எங்கை போறது? மத்தியானம் ஆகுது."

அப்படிச் சொன்னவர் அந்த உடுப்புக் காயப்போட்ட படகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் தோளைப் பிடித்தார்.

"பிள்ளை, அங்கை பார். இந்தியாக் கொடி!"

பச்சை, வெள்ளை, செம்மஞ்சள். நிறம் சரிதான்.

"நடுவிலை சக்கரம் இல்லையே அப்பா?"

"வெயிலுக்கு மங்கியிருக்கும்."

"இது நெட்டுக்கு எல்லோ நிக்குது. இந்தியாக் கொடி படுத்திருக்கும்."

"காத்துக்குத் திரும்பிட்டுது. நீ வாய் காட்டாமல் வா."

படகில் ஒரு கிழவர் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். வெள்ளைத் தாடி, வெயிலில் சிவந்த மூக்கு. நான் கேட்டேன். இந்தியா இல்லை, அயர்லாந்து என்றார். மனைவியோடு கடல் தாண்டி வந்து, ஆற்றால் ஏறி, கோடை முழுக்கத் துறை துறையாகப் பார்த்துவிட்டு, நாளைக்குத் திரும்பிப் போகிறாராம்.

"அயர்லாந்து எங்கை கிடக்கு?" என்றார் அப்பா.

"கடலுக்கு அங்காலையாம்."

"அப்ப நடுக்கடலாலை போவினமோ எண்டு கேள்."

கேட்டேன். கிழவர் சிரித்துவிட்டு மூன்று விரலைக் காட்டினார். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாது. அதைச் சொன்னதும் அப்பாவின் முகம் மலர்ந்ததை இப்போதும் நான் காண்கிறேன். பெட்டியைத் திறந்து பொதியை இரண்டு கையாலும் எடுத்தார்.

"இது என்ரை அப்பாவுக்கு. நடுக்கடலிலை இதைக் கரைச்சு விடச் சொல்லு. பெரிய புண்ணியமாய்ப் போகும் எண்டு சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். செத்துப்போன கிழவருக்குச் சோறு, அதைக் கொண்டுபோய்க் கடலில் போடுங்கள் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். இல்லாவிட்டால் அந்தப் பெட்டையைக் கூப்பிடுவார்கள். வைன் குடித்தவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னது இதுதான்: "எங்கள் கோயில் சாப்பாடு. அப்பா உங்களுக்காகக் கொண்டு வந்தவர்."

கிழவர் தொப்பியைக் கழற்றினார். அப்பாவை ஒருதரம் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார். அப்பா கும்பிட்டார். அதோடு நாங்கள் திரும்பியிருந்தால் ஒன்றும் இல்லை. ஆனால் கொடுத்த ஆளுக்கு முன்னாலேயே சாப்பிடுவதுதான் அவர்கள் ஊர் மரியாதை போல. மனைவி உள்ளே இருந்து இரண்டு கரண்டியோடு வந்தாள். பொதியை அவிழ்த்து, மேலே கிடந்த தர்ப்பையை எடுத்து ஓரத்தில் வைத்தாள். பச்சரிசிச் சோறு, எள்ளு, தேன், வாழைப்பழம். மணந்து பார்த்து, நல்லது என்று தலையாட்டினாள். இருவரும் சாப்பிடத் தொடங்கினார்கள்.

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தேன்.

"பிள்ளை," என்றார் அப்பா, மெதுவாக. "நீ என்ன சொன்னனீ?"

"நீங்கள் சொன்னதைத்தான் சொன்னனான்."

இரண்டாவது பொய். முருகா, பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. கிழவர் வாயில் சோற்றோடு என்னிடம் ஏதோ சொன்னார். அது உண்மையாகவே சொல்லக்கூடியது என்பதால் உடனே சொன்னேன்:

"காலமையிலை இருந்து சாப்பிடேல்லையாம். இஞ்சின் பழுதாம், திருத்திக்கொண்டு இருந்தவராம்."

அப்பா துறையின் மரப்பலகையில் அப்படியே சப்பாணி கட்டி இருந்துவிட்டார். கிழவர் கரண்டியை வைத்துவிட்டு, கடைசிப் பிடியை எங்களைப் போலக் கையால் திரட்டி எடுத்தார். விரலில் ஒட்டின எள்ளையும் விடவில்லை.

"போதுமோ எண்டு கேள்," என்றார் அப்பா.

கேட்டேன். கிழவர் வயிற்றைத் தடவிக்காட்டி, அப்பாவுக்கு நேரே தலை குனிந்தார். அப்பா கண்ணைத் துடைத்தார். நான் செய்த வேலைக்குத்தான் அழுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பஸ்ஸில் வெறும் பெட்டி அவர் மடியில் இருந்தது. எப்போது கேட்பார், எப்போது அடி விழும் என்று நான் பஸ் நிற்கிற ஒவ்வொரு தரிப்பாக எண்ணிக்கொண்டு வந்தேன். கேட்கவே இல்லை.

வீட்டில் அம்மா எல்லாம் வைத்திருந்தாள். ஆடி அமாவாசைக்கு வேண்டிய காத்தோட்டிக்காய் இங்கே கிடையாது என்று பாகற்காய் சமைத்திருந்தாள். விரதத்தன்று காகத்துக்கு வைத்து, அது வந்து எடுத்த பிறகுதான் வீட்டில் சாப்பிடுவோம். காகமாக வருவது எங்கள் முன்னோர். அம்மா இலைத்துண்டில் சோறு எடுத்துக்கொண்டு பல்கனிக் கதவைத் திறந்தாள்.

"வேண்டாம்," என்றார் அப்பா. "இண்டைக்குக் காகத்துக்கு வைக்க வேண்டாம். சாப்பிடுற ஆள் சாப்பிட்டாச்சு. போடும், சாப்பிடுவம்."

"என்னப்பா, உங்களுக்கு விசரோ? ஒரு மாசமாய்க் குறையில்லாமல் எண்டு என்ரை உயிரை எடுத்துப்போட்டு!"

"போடுமன்."

இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். பாகற்காயைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அம்மா முணுமுணுத்தபடியே பரிமாறினாள். கவலையில் அப்பாவுக்குக் காகம்கூட வெறுத்துப்போய்விட்டது, எல்லாம் என்னால்தான் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் போய்ப் படுத்த பிறகு, என் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனேன். கம்பியில் வைத்துவிட்டு, அம்மாவுக்குக் கேட்காமல் "கா, கா" என்று கூப்பிட்டேன். அப்பப்பா, கோபிக்காமல் வாங்கோ என்றேன். ஒரு காகமும் வரவில்லை. பின்னேரம் வரை அங்கேயே நின்று கூப்பிட்டேன். உள்ளே அப்பா வயிறு நிறைந்து, குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தார்.