நெஞ்சழுத்தக்காரனின் பிரஷர்

கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எனக்கு பாய்லர் வேலை. பிரஷர் காட்டும் கேஜ் முள் சிவப்புக்கோட்டைத் தொட்டால் மற்றவர்கள் ஓடுவார்கள். நான் நடந்துபோய் வால்வைத் திறப்பேன். நெஞ்சழுத்தக்காரன் என்று பேர். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

வருஷாந்திர மெடிக்கல் செக்கப் வந்தது. நர்ஸம்மா கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பட்டை இறுக்கியதும் நெஞ்சு திம்திம் என்றது. வாய் காய்ந்தது. உள்ளங்கை வேர்த்தது.

"அய்யய்யோ, பிரஷர் ஏறிக்கினே போவுதே" என்றார்.

நான் எழுந்து பாய்லரைப் பார்க்க ஓடினேன். பட்டை கையில் தொங்கியது.

"எங்க ஓடுறீங்க? ஒங்க பிரஷர சொன்னேங்க!"

கியூவில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி பார்த்தார். ஓடிவந்தவனுக்கு எப்படி இருக்கும்? இன்னும் ஏறியிருந்தது. வெளி டாக்டரிடம் காட்டி ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் வாங்கி வரும்வரை பாய்லர் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வாங்கவில்லை என்றால் தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. பாய்லரை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

மச்சான் என்னை சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். பஸ்ஸில் வழிமுழுக்க ஒரே பேச்சு.

"மாமா, பயப்படாத. பயந்தா ஏறிடும். ஏறிச்சின்னா வேல காலி."

அதுவரை நான் பயப்படவில்லை.

அங்கேயும் ஏறியது. டாக்டர் மாத்திரை எழுதவில்லை.

"நாய் தொரத்துனா என்ன ஆவும்? நெஞ்சு அடிச்சிக்கும், ரத்தம் கை காலுக்கு ஓடும், வயிறு கலக்கும். நாய் போனா எறங்கிடும். ஒங்களுக்கு இந்தப் பட்டதான் நாய். அது மட்டுந்தானான்னு பாத்துடலாம்" என்றார்.

ஒரு நாள் முழுக்கக் கட்டிக்கொள்ள ஒரு மெஷின் கொடுத்தார். அது தானாகவே அவ்வப்போது கையை இறுக்கும். முதல்தடவை இறுக்கியபோது டீயைக் கொட்டிக்கொண்டேன். பிறகு பழகிவிட்டது. அதோடே தூங்கினேன்.

மறுநாள் டாக்டர் கம்ப்யூட்டரில் பார்த்தார். வீட்டில் எடுத்ததெல்லாம் நார்மல். கடைசியில் மட்டும் ஏற்றம்.

"காலைல என்ன பண்ணீங்க?"

"இங்க வர்றதுக்கு இவனோட பஸ் ஏறுனேன் சார்."

மச்சான் வாயைப் பொத்திக்கொண்டான். டாக்டர் சிரித்துக்கொண்டே ஃபிட்னஸில் கையெழுத்துப் போட்டார். "ஆனா சும்மா வுட்டுடாதீங்க. அடிக்கடி இப்பிடி ஏறி எறங்குனா ஒடம்புக்கு ஆவாது. வீட்லயே அப்பப்ப பாத்துக்கோங்க" என்றார்.

வீட்டுக்கு ஒரு பிரஷர் மெஷின் வாங்கிவிட்டேன். பெண்டாட்டிதான் பார்க்கிறாள். அவள் அதட்டினாலும் நார்மல்தான்.

பாய்லருக்குத் திரும்பிவிட்டேன். போன வாரம் முள் சிவப்பைத் தொட்டது. நடந்துபோய் வால்வைத் திறந்தேன். ஆவி சீறியது. கூட வேலை செய்கிறவன் அந்தச் சத்தத்திலும் காதருகே வந்து கத்தினான்:

"அண்ணே, நர்ஸம்மா வராங்க!"

முள் இறங்கிவிட்டது. எனக்கு ஏற ஆரம்பித்தது.