இளவரசி வைத்த ஒரேயொரு விதி

இளவரசி வருகிறார் என்றதும் எங்கள் சங்கத் தலைவருக்குத் தலைகால் தெரியவில்லை. இளவரசி இஸ்லாமிய மெய்யியலில் பெரிய அறிஞர், பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர், அதோடு ஒரு நாட்டின் அரச குடும்பத்துப் பெண். எந்த நாடென்று நான் எழுதப்போவதில்லை. சமயங்களுக்கிடையே பேச்சு நடக்க வேண்டுமென்று ஊர் ஊராகப் போகிறவர், சிட்னியில் எங்கள் தமிழ் மண்டபத்துக்கும் ஒரு ஞாயிறு பின்னேரம் வரச் சம்மதித்திருந்தார்.

அரச குடும்பத்தாரை எதில் இருத்துவது? மூன்று கூட்டம் இதற்கே போனது. கடைசியில் கலியாண அலங்காரக்காரரிடம் பொன்னிறச் சிம்மாசனம் வாடகைக்கு எடுத்தார்கள். அது மாப்பிள்ளைக்கும் பொம்பிளைக்குமாகச் சோடியாகத்தான் வருமாம், ஒற்றையாகக் கொடுக்க மாட்டார்களாம். ஆக, மேடையில் இரண்டு சிம்மாசனம்.

"மற்றதில ஆர் இருக்கிறது?" என்று கேட்டேன்.

"தலைவர் எண்ட முறையில நான்தான்" என்றார்.

அவருடைய மனைவி என் பக்கத்தில்தான் நின்றார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது லேசான காரியம் அல்ல.

நான் வெஸ்ட்மீட்டில் ஓர் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். சங்கத்தில் எனக்குத் தேத்தண்ணிப் பொறுப்பு, ஹரிஸ் பார்க்குக்குப் போய் இனிப்பு வாங்கி வரும் பொறுப்பு. இந்த நிகழ்ச்சிக்கு மட்டும் எனக்கு வர விருப்பமில்லை. ஒவ்வொரு மேசையிலும் இந்துவும் முஸ்லிமும் எதிரெதிரே இருந்து பேசுவார்கள் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. லெபனான்காரர் வரட்டும், பாகிஸ்தான்காரர் வரட்டும், தமிழ்நாட்டுக்காரர் வரட்டும். யாழ்ப்பாணத்து முஸ்லிம் ஒருவர் மட்டும் எனக்கு எதிரே வந்து இருந்துவிடக் கூடாது. போர்க்காலத்தில், எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, எங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் ஒரே நாளில் வெளியேற்றினார்கள். வெளியேற்றியவர்கள் எங்கள் ஆட்கள், ஆயுதத்தோடு இருந்த எங்கள் பெடியள். அன்று நான் செய்த ஒரு காரியத்தை என் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

இளவரசி வந்தார். சாம்பல் நிறத்தில் சாதாரண நீள அங்கி, தலையில் முக்காடு, தோளில் ஒரு துணிப் பை. மேடையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "எனக்குக் கலியாணமாகி இருபது வருடமாகிவிட்டது, தாமதித்துவிட்டீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கீழே நின்றபடியே பேசினார். தலைவர் மேடையில் கொஞ்ச நேரம் தனியாக இருந்து பார்த்தார், பிறகு மெல்ல இறங்கி வந்தார்.

இளவரசியின் பேச்சு நீளம் இல்லை. "உங்கள் சமயத்தின் பெருமையை இன்று யாரும் சொல்ல வேண்டாம். எதிரே இருக்கிறவர் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்வார். அதை நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று அவர் சொல்லும்வரை விடக்கூடாது. அதற்குப் பிறகுதான் உங்கள் முறை. என்னிடம் இருப்பது இந்த ஒரு விதிதான்" என்றார். தங்கள் பழைய அறிஞர் ஒருவர் தான் மறுக்கவிருந்த எதிர்த்தரப்பின் கொள்கையை எழுதிய நேர்த்தியில், அது அவருடைய சொந்தக் கொள்கை என்றே பிறர் நம்பிவிட்டார்களாம். சைவ சித்தாந்தத்திலும் மற்றவர் கொள்கையை முதலில் சொல்லிவிட்டுத்தான் மறுப்பார்கள் என்று எங்கள் தலைவர் எழும்பிச் சொன்னார். இளவரசி சந்தோஷப்பட்டு அதைக் குறித்துக்கொண்டார். தலைவருக்குச் சிம்மாசனத்தில் போன மானம் அங்கே கொஞ்சம் திரும்பி வந்தது.

பிறகு இளவரசி ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்த மேசையோரம் உட்கார்ந்தார். அது என் மேசை. எனக்கு எதிரே என் வயதுக்காரி ஒருவர், முக்காடு போட்டவர், இருந்தார். நான் தேத்தண்ணி நீட்டியபோது பேசிய இரண்டு சொல்லை வைத்தே பிடித்துவிட்டார்.

"நீங்கள் யாழ்ப்பாணமோ?"

"ஓம்."

"நானும்தான்."

எழும்பிப் போகலாமென்றால் பக்கத்தில் இளவரசி.

எதிரே இருந்தவர்தான் முதலில் சொன்னார். "காலமை ஒலிபெருக்கியில சொன்னவங்கள், எல்லாரும் மைதானத்துக்கு வரட்டாம். அங்க போனால், ரெண்டு மணித்தியாலத்தில ஊரை விட்டு வெளிக்கிடட்டாம். வாப்பாவுக்கு வடிவா நடக்க ஏலாது. உம்மா அடுப்பில சோறு வைச்சவ, அதை இறக்கவும் இல்லை. வழியில மறிச்சு என்ர காதுத் தோட்டைக் கழட்டினவங்கள். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் எங்களோட பழகின ஆக்களின்ர வீடுகள். யன்னல் எல்லாம் சாத்திக் கிடந்தது."

நான் திருப்பிச் சொன்னேன். ஒலிபெருக்கி, மைதானம், இரண்டு மணித்தியாலம், வாப்பா, சோறு, தோடு.

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "ஒண்டை விட்டுட்டீங்கள்."

இன்னொரு தடவை சொன்னேன். இந்த முறை வாப்பாவைப் பற்றி அதிகமாகச் சொன்னேன். "இன்னும் இல்லை" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். எதை விட்டேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இளவரசிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தத் தலையாட்டல் தெரிந்தது. "கஷ்டமான இடத்தைத்தான் நாம் தவறவிடுவோம்" என்றார் என்னிடம். "திருப்பிச் சொல்வதால் எதையும் ஒப்புக்கொண்டதாகாது. உங்கள் வாயை அவருக்குக் கொஞ்ச நேரம் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்."

எனக்கு அவர் மேல் எரிச்சல் வந்தது. அரண்மனையில் வளர்ந்தவருக்கு எங்கள் ரோட்டைப் பற்றி என்ன தெரியும்? எரிச்சலோடேயே வாய் திறந்தேன்.

"உங்களோட பழகின ஆக்கள் எல்லாரும் யன்னலைச் சாத்திப்போட்டு உள்ளுக்க இருந்தவை."

"ஓம். அதுதான் நான் சொன்னது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார்.

இப்போது என் முறை. பள்ளிக்கூடத்தைப் பற்றியோ, இங்கே வந்து பட்ட பாட்டைப் பற்றியோ சொல்லித் தப்பியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"எனக்கு ஒரு சிநேகிதி இருந்தவ. முஸ்லிம் பிள்ளை. ஏழு வருசம் ஒரே வாங்கில இருந்து படிச்சனாங்கள். அண்டைக்கு எங்கட வீட்டைத் தாண்டிப் போனவ. கையில உடுப்புத் திணிச்ச ஒரு சொப்பின் பை. என்ர யன்னலைப் பார்த்தவ. நான் சாத்தினனான். பார்த்தால் அவவை உள்ளுக்க கூப்பிட வேண்டி வரும், அதுதான்."

இளவரசி தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளி வைத்தார்.

எதிரே இருந்தவர் மெல்லத் திருப்பிச் சொன்னார். "உங்கட சிநேகிதி போகேக்க நீங்கள் பயத்தில யன்னலைச் சாத்தினனீங்கள்."

எனக்கு ஒரு வழி விடுகிறார் என்று விளங்கியது. ஓம் என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். யார் கேட்டிருந்தாலும் பயம்தான் காரணமென்று ஒத்துக்கொண்டிருப்பார்கள். நானே எனக்கு அப்படித்தான் சொல்லி வந்தேன்.

"இல்லை" என்றேன். "பயம் எண்டு நான் சொல்லேல்லை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னார்.

"உங்கட சிநேகிதி உங்கட யன்னலைப் பார்த்தவ. பார்த்தால் அவவை உள்ளுக்க கூப்பிட வேண்டி வரும் எண்டு நீங்கள் சாத்தினனீங்கள்."

"ஓம்" என்றேன். "அதுதான் நான் சொன்னது."

முப்பது வருடத்துக்கு மேலாக இந்த வசனத்தை ஒரு முஸ்லிமின் வாயிலிருந்து கேட்கத்தான் பயந்திருந்தேன். கேட்டாயிற்று. அவர் என்னை மன்னிக்கவில்லை, நானும் கேட்கவில்லை, விதியில் அது இல்லை. ஆனாலும் என் நெஞ்சு அப்படி லேசாகி நான் கண்டதில்லை. வெட்கமில்லாமல் அழுதேன், அழுகையோடு சிரிப்பும் வந்தது. மேசையில் இருந்த லட்டில் பாதியைப் பிய்த்து அவர் என் தட்டில் வைத்தார்.

"உங்கட சிநேகிதியின்ர பேர் என்ன?" என்று கேட்டார். "அண்டைக்கு வெளிக்கிட்ட எங்கட ஆக்கள் கனபேர் புத்தளத்திலதான் இருக்கினம். அங்க இருக்கிற என்ர மச்சாளிட்டைக் கேட்டுப் பாக்கிறன். ஆனால் ஆளைக் கண்டுபிடிச்சாலும் அவ உங்களோட கதைக்காமல் விடலாம்."

"கதைக்காட்டிலும் பரவாயில்லை. கேளுங்கோ."

அவர் போனை எடுத்து எழுதத் தயாரானார். அந்த நாளுக்குப் பிறகு நான் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லாத அந்தப் பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்து, அவருக்குச் சொன்னேன்.